டேன் கர்னி: எல்லாவற்றையும் ஓட்டியவரா, எதிலும் நிலைக்காதவரா?

பழைய_கார்பரேட்டர் | 15 ஜனவரி 2018, மாலை 5:40

மாட்டுப் பொங்கலும் அதுவுமாக இப்படி ஒரு செய்தியோடு வர வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கார் பந்தய ஓட்டுநர் டேன் கர்னி நேற்று கலிபோர்னியாவில் காலமானார். நிமோனியா வந்து அதிலிருந்து மீளவில்லை. 86 வயது.

இங்கே பாதிப் பேருக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் டிவியில் ரேஸ் பார்க்கிற எல்லோரும் அவர் விட்டுப்போன ஏதோ ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஜெயித்தவர் மேடையில் ஷாம்பெயின் பாட்டிலைக் குலுக்கிப் பீய்ச்சுகிறாரே, அந்த வழக்கம் அவரால் வந்தது. பந்தயக் காரின் பின் இறக்கையின் விளிம்பில் நட்டுக்குத்தாக நிற்கிற சின்னத் தகடு அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. முகத்தை முழுசாக மூடும் ஹெல்மெட்டை 1968-ல் கிராண்ட் பிரீக்கு, அதாவது ஃபார்முலா 1 பந்தயத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

அப்பா நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பாடகர். பிள்ளை கொரியப் போரின்போது ராணுவத்தில் பீரங்கி மெக்கானிக். அப்புறம் ஐரோப்பாவுக்குப் போய் 1959-ல் ஃபெராரி அணியில் ஃபார்முலா 1 ஓட்டினார். நாலே பந்தயம்தான். அதில் ஒரு இரண்டாம் இடம், ஒரு மூன்றாம் இடம், ஒரு நான்காம் இடம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபார்முலா 1, நாஸ்கார் (அமெரிக்காவின் கனத்த ஸ்டாக் கார் பந்தயம்), இண்டி கார் (அமெரிக்காவின் ஒற்றை இருக்கைக் கார் பந்தயம்), ஸ்போர்ட்ஸ் கார் என்று நான்கு உலகத்திலும் ஜெயித்த முதல் மனிதர் இவர். இவருக்குப் பிறகு அதைச் செய்தவர்கள் மாரியோ ஆண்ட்ரெட்டியும் மோன்டோயாவும் மட்டுமே. என்னைக் கேட்டால், பிறந்த பந்தய ஓட்டுநர்களிலேயே முழுமையானவர் கர்னி.


புள்ளிக்கணக்கு | 15 ஜனவரி, மாலை 6:15

ஆழ்ந்த இரங்கல். நல்ல மனிதர் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

ஆனால் சார், இரங்கல் பகுதியில் போட்டிருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். விவாதப் பகுதியில் "பிறந்தவர்களிலேயே முழுமையானவர்" என்று போட்டால் கணக்குக் கேட்கத்தான் செய்வேன்.

ஃபார்முலா 1-ல் 86 பந்தயம், 4 வெற்றி, உலகப் பட்டம் இல்லை. அதே காலத்து ஜிம் கிளார்க் 72 பந்தயத்தில் 25 வெற்றி. ஜாக்கி ஸ்டூவர்ட் 99-ல் 27. இண்டி கார் உலகின் பெரிய பந்தயமான இண்டி 500-ல் கர்னி ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. நாஸ்காரில் ஐந்து வெற்றி என்பார்கள். ஐந்தும் ரிவர்சைடு என்ற ஒரே டிராக்கில். அது அவர் வளர்ந்த ஊர். அதுவும் வளைந்து நெளிந்து போகும் சாலை டிராக். நாஸ்காரின் உண்மையான களம் நீள்வட்டமான ஓவல் டிராக். சொந்த ஊர்த் திருவிழாவில் சிலம்பம் சுற்றிப் பரிசு வாங்கியவரை ஜில்லா சாம்பியன் என்று சொல்வது போல இருக்கிறது.

பல கடையில் சாப்பிட்டவர் என்பது ஒரு பெருமை. எந்தக் கடையிலும் வயிறு நிறையச் சாப்பிடவில்லை என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியதுதானே?


பழைய_கார்பரேட்டர் | 15 ஜனவரி, மாலை 6:52

தம்பி, கணக்கு சரி. கணக்கைப் படித்த விதம்தான் தப்பு.

ரிவர்சைடில் 1963, 64, 65, 66 என்று தொடர்ந்து நாலு, விட்டு 68-ல் ஒன்று. உள்ளூர்க்காரர்தான். ஆனால் எதிரே நின்றவர்கள் வருஷம் முழுக்க அந்த இரண்டு டன் ஃபோர்டுகளையும் பிளிமத்களையும் மட்டுமே ஓட்டிப் பிழைத்தவர்கள். கர்னி ஐரோப்பாவில் அரை டன் கார் ஓட்டிவிட்டு வந்து ஜனவரியில் இதில் உட்காருவார். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை தொடுகிற வண்டியில் அந்த ஊர் மன்னர்களைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதற்கு என்ன பெயர்?

ஓவல் தெரியாது என்கிறீர்கள். நாஸ்காரின் பெரிய ஓவல் பந்தயமான டேடோனா 500-ல் 1963-ல் ஐந்தாவது இடம். முதல் ஐந்தும் ஃபோர்டு வாங்கிய பந்தயம் அது, ஐந்தாவது ஃபோர்டு இவருடையது. இண்டி 500-ல் 1968-ல் இரண்டாவது, 69-ல் இரண்டாவது, 70-ல் மூன்றாவது. ஓவல் தெரியாதவன் மூன்று வருஷம் வரிசையாக அங்கே முதல் மூன்றுக்குள் வருவானா? அந்த 68-ல் ஜெயித்த பாபி அன்சர் ஓட்டியதும் கர்னியின் பட்டறையில் செய்த ஈகிள் கார்தான். தன் காரிடமே தோற்றார், அவ்வளவுதான்.


செயின்_ஸ்பிராக்கெட் | 15 ஜனவரி, இரவு 8:05

முழுமையானவர் என்ற பேச்சு வந்தால் ஜான் சர்டீஸ் பெயர் இல்லாமல் எப்படி? போன மார்ச்சில்தான் அவரும் போனார். மோட்டார் சைக்கிளில் ஏழு உலகப் பட்டம், 500 சிசியில் நாலு, 350-ல் மூன்று. அப்புறம் நாலு சக்கரத்துக்கு வந்து 1964-ல் ஃபெராரியில் ஃபார்முலா 1 உலகப் பட்டம். 1966-ல் கேன்-ஆம் என்ற வட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் தொடரின் பட்டம். இரண்டு சக்கரத்திலும் நாலு சக்கரத்திலும் உலக சாம்பியன் ஆன ஒரே ஆள். நாலு வகை கார் ஓட்டியது பெரிதா, பைக்கிலிருந்து காருக்கு வந்தது பெரிதா? கார் எதுவானாலும் ஸ்டியரிங் வட்டமாகத்தான் இருக்கும் அய்யா.

(பைக்காரன் என்பதால் பாரபட்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.)


புள்ளிக்கணக்கு | 15 ஜனவரி, இரவு 8:20

செயின் அண்ணன் என் வேலையை முடித்துவிட்டார். பல துறை என்றால் ஒன்றிலாவது உச்சியைத் தொட்டிருக்க வேண்டும். சர்டீஸ் தொட்டார். ஆண்ட்ரெட்டி 1967 டேடோனா 500, 1969 இண்டி 500, 1978 ஃபார்முலா 1 பட்டம். கிரகாம் ஹில் மொனாக்கோ, இண்டி, லெ மான் (பிரான்சின் 24 மணி நேரப் பந்தயம்) மூன்றும். கர்னிக்கு 1967 லெ மான் இருக்கிறது, மறுக்கவில்லை. பட்டம் எங்கே?


லேத்_பட்டறை | 15 ஜனவரி, இரவு 9:30

கடை சாத்திவிட்டு இப்போதுதான் படித்தேன். பட்டத்தைப் பற்றிக் கேட்பவர் அந்த நாலு வெற்றி எவை என்று பார்த்தாரா?

1962 பிரான்ஸ், ரூவான் டிராக், போர்ஷே கார். போர்ஷே கம்பெனி தன் சொந்தக் காரில் ஃபார்முலா 1-ல் ஜெயித்தது இன்றுவரை அந்த ஒரு தடவைதான்.

1964 பிரான்ஸ், மறுபடி ரூவான். பிரபாம் அணிக்கு முதல் உலகச் சாம்பியன்ஷிப் வெற்றி. அணிக்குச் சொந்தக்காரரான ஜாக் பிரபாம் தன் பெயர் போட்ட காரில் ஜெயிக்கும் முன்பே கர்னி ஜெயித்துக் கொடுத்துவிட்டார். அதே வருஷம் மெக்சிகோ.

1967 பெல்ஜியம், ஸ்பா. தன் சொந்த ஈகிள். அந்தக் காருக்கும் அதுவே முதல், அதுவே கடைசி.

நாலில் மூன்று, அதுவரை ஜெயிக்கவே தெரியாத வண்டிக்குக் கிடைத்த முதல் வெற்றி. ஓடுகிற வண்டியில் ஏறி ஜெயிப்பவன் வேறு. வண்டியை ஓட வைத்து ஜெயிப்பவன் வேறு. பட்டறை வைத்திருப்பவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.


புள்ளிக்கணக்கு | 15 ஜனவரி, இரவு 9:58

லேத் அண்ணே, அந்த மூன்று முதல் வெற்றி நான் யோசிக்காத கோணம். நன்றி. ஆனால் அதே உதாரணம் என் பக்கமும் பேசுகிறது.

1965 முடிவில் அவர் பிரபாமை விட்டுப் போனார். அந்த வருஷக் கடைசி ஐந்து பந்தயத்திலும் முதல் மூன்றுக்குள் வந்து போடியம் ஏறிய கையோடு விட்டார். 1966-ல் அதே அணியில் ஜாக் பிரபாம் உலக சாம்பியன். 1967-ல் கர்னி இடத்துக்கு வந்த டென்னி ஹல்ம் உலக சாம்பியன். அவர் எழுந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவருக்கு மகுடம்! அதற்கு முன்னால் 1960-ல் ஃபெராரியை விட்டு பிஆர்எம் என்ற இங்கிலாந்து அணிக்குப் போனார். 61-ல் ஃபெராரியின் ஃபில் ஹில் சாம்பியன். இதை துரதிர்ஷ்டம் என்று ஒரு தடவை சொல்லலாம். இரண்டாவது தடவை அது அவருடைய முடிவு. நிலைத்து நிற்காத குணத்துக்கு "பன்முகம்" என்று பூமாலை போடுகிறோமோ என்பதுதான் என் கேள்வி.


வளைவு_மூன்று | 15 ஜனவரி, இரவு 10:30

எனக்கு 1990-க்கு முந்தைய ரேஸ் எதுவும் தெரியாது, அதனால் இரண்டு கேள்வி. பிஆர்எம் போனதில் என்ன ஆயிற்று? அப்புறம், ஓட்டுநர் தானே கார் செய்து கிராண்ட் பிரீயில் இறக்குவதெல்லாம் எப்படி முடிந்தது? இன்றைக்கு அதற்கு ஆயிரம் பேர் வேலை செய்கிற தொழிற்சாலை வேண்டும் என்கிறார்களே.


லேத்_பட்டறை | 15 ஜனவரி, இரவு 11:10

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. நல்ல கதை இல்லை. 1960 ஹாலந்து பந்தயம், சாண்ட்வூர்ட் டிராக். வேகமாக வந்து பிரேக்கை மிதித்தார், பிரேக் இல்லை. கார் மணல்மேட்டில் ஏறி, பார்வையாளர் நிற்கக்கூடாத இடத்தில் நின்றிருந்த ஓர் இளைஞர் இறந்துபோனார். கர்னிக்குக் கை உடைந்தது.

அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க, வளைவு வருவதற்கு முன்னால் பிரேக்கை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிதிப்பார் என்பார்கள். அடுத்தவன் போட்ட நட்டை நம்பாத புத்தி வந்துவிட்டது. என் அபிப்ராயம் இது: அந்த மனுஷன் அணி அணியாக மாறியதற்கும், கடைசியில் தானே கார் செய்யப் போனதற்கும் வேர் அங்கே இருக்கிறது. பிரேக்கை அளந்து மிதிப்பவன் கையில் வண்டி நீடித்து உழைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லெ மானில் 24 மணி நேரம் அது எவ்வளவு பெரிய விஷயம்!

இரண்டாவது கேள்வி கார்பரேட்டர் சாருடையது. அவர் தூங்கப் போயிருப்பார், காலையில் வருவார்.


பழைய_கார்பரேட்டர் | 16 ஜனவரி, காலை 6:20

தூங்கவில்லை, இன்டர்நெட் போய்விட்டது.

1967 ஜூன் மாதத்து எட்டு நாள். இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல விடுங்கள்.

ஜூன் 10, 11. லெ மான் 24 மணி நேரப் பந்தயம். ஃபோர்டு மார்க் 4 கார். கர்னிக்கு ஆறடி நாலங்குல உயரம். ஹெல்மெட் கூரையில் இடித்தது. அதனால் அவர் காரின் கூரையில் மட்டும் தலைக்கு நேரே ஒரு புடைப்பு வைத்துக் கொடுத்தார்கள். கூட ஓட்டியவர் ஏ.ஜே.ஃபாய்ட். அந்த வருஷம்தான் இண்டி 500-ஐ மூன்றாம் முறை வென்றுவிட்டு வந்தவர். இந்த இரண்டு அமெரிக்கர்களும் போட்டி போட்டுக்கொண்டு வண்டியை உடைத்துவிடுவார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் ஆரூடம் சொன்னார்கள்.

நடந்தது நேர்மாறு. இரவில் பின்னால் ஒரு ஃபெராரி, ஓட்டியது மைக் பார்க்ஸ். பல சுற்று பின்தங்கியவர். ஆனாலும் ஹெட்லைட்டை அடித்து அடித்து ரோஷப்பட வைக்கப் பார்த்தார். கர்னி என்ன செய்தார் தெரியுமா? ஆர்நாஜ் வளைவருகே ஓரமாக ஒதுங்கிக் காரை நிறுத்திவிட்டார். பின்னால் ஃபெராரியும் நின்றது. லெ மான் பந்தயத்தின் நடுராத்திரியில் இரண்டு கார் சும்மா நிற்கிறது! கொஞ்ச நேரம் பார்த்த பார்க்ஸ் அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டார். கர்னி பின்னாலேயே தன் வேகத்தில் போனார். 388 சுற்று, 5,200 கிலோமீட்டருக்கு மேல். அமெரிக்கக் கார், அமெரிக்க அணி, இரண்டு பேரும் அமெரிக்கர்கள். லெ மானில் அப்படி ஒரு வெற்றி அதுதான் முதல். அந்த மேடையில்தான், கீழே நின்ற இரண்டாம் ஹென்ரி ஃபோர்டையும் பத்திரிகைக்காரர்களையும் பார்த்ததும் பாட்டிலைக் குலுக்கினார்.

ஜூன் 18. ஸ்பா. பழைய ஸ்பா டிராக் 14 கிலோமீட்டர், வீடும் வேலியும் மரமும் ஓரத்தில் நிற்கும் ஊர்ச்சாலை. ஈகிளின் உடல் வடிவமைப்பு லோட்டஸிலிருந்து வந்த லென் டெர்ரி. கலிபோர்னியா சாண்டா ஆனாவில் பட்டறை. 12 சிலிண்டர் எஞ்சின் இங்கிலாந்தில் ரை என்ற சிறு ஊரில், வெஸ்லேக் கம்பெனியில் செய்தது. பழைய போர்க்காலத்து மெஷின்களில் கடைந்த எஞ்சின் என்பார்கள், ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. எடை குறைய வேண்டும் என்று அந்தக் காருக்கு மக்னீசியத் தகடும் டைட்டானியமும் போட்டார்கள். மக்னீசியம் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று லேத் அண்ணனைக் கேளுங்கள்.

கிளார்க் முன்னால் போனார். அவருக்கு ஸ்பார்க் பிளக் தகராறு, பிட்டுக்குள் (டிராக் ஓரத்தில் வண்டியைச் சரிபார்க்கும் இடம்) வந்தார். கர்னியும் எரிபொருள் அழுத்தம் குறைகிறது என்று பிட்டுக்குள் வந்து சொல்லிவிட்டு மறுபடி ஓடினார். ஸ்டூவர்ட் முன்னிலை. அவருக்குக் கியர் நழுவியது, ஒரு கையால் கியரைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். கர்னி அவரைத் தாண்டி, ஒரு நிமிஷத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். சராசரி வேகம் மணிக்கு 230 கிலோமீட்டருக்கு மேல், அதுவரை எந்த கிராண்ட் பிரீயும் அந்த வேகத்தில் ஓடியதில்லை.

தானே செய்த காரில் தானே ஓட்டி கிராண்ட் பிரீ ஜெயித்த அமெரிக்கர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு ஞாயிறு 24 மணி நேர மாரத்தான், அடுத்த ஞாயிறு இது. இதைத்தான் நான் முழுமை என்றேன்.


புள்ளிக்கணக்கு | 16 ஜனவரி, காலை 9:05

படிக்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் நீங்களே சொன்னதில் கிளார்க்குக்கு பிளக், ஸ்டூவர்ட்டுக்கு கியர். அந்த இரண்டும் இல்லாவிட்டால் மூன்றாவது இடம்.


பழைய_கார்பரேட்டர் | 16 ஜனவரி, காலை 9:22

அதே வருஷம் ஆகஸ்டில் ஜெர்மன் கிராண்ட் பிரீ, நூர்பர்க்ரிங். கடைசி இரண்டு மூன்று சுற்று பாக்கி, கர்னி 40 விநாடிக்கு மேல் முன்னிலை. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் உடைந்தது. அந்தப் பந்தயத்தை ஜெயித்தவர் உங்கள் ஹல்ம். பிளக்கும் கியரும் கணக்கில் வந்தால் டிரைவ் ஷாஃப்டும் வரட்டும் தம்பி.


புள்ளிக்கணக்கு | 16 ஜனவரி, காலை 9:25

சரி, அதில் நான் அவுட்.


செயின்_ஸ்பிராக்கெட் | 16 ஜனவரி, காலை 11:40

ஷாம்பெயின் விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். முந்தின வருஷமே, 1966 லெ மானில், ஜோ சிஃபர்ட் கையில் இருந்த பாட்டில் வெயிலில் சூடேறித் தானாகவே மூடி பறந்து கூட்டத்தின் மேல் பீய்ச்சியது என்பார்கள். அதனால் "முதன்முதலில்" என்று எழுதும்போது பார்த்து எழுதவும்.

முகம் மூடிய ஹெல்மெட்டும் எங்கள் பக்கத்துச் சரக்குதான். மண் டிராக்கில் பைக் ஓட்டுபவர்கள் போட்டதைப் பார்த்துத்தான் இவருக்கு யோசனை வந்தது.


லேத்_பட்டறை | 16 ஜனவரி, பகல் 1:15

பாட்டில் தானாகக் கொட்டினால் அது விபத்து, ஆள் வேண்டுமென்றே குலுக்கினால் வழக்கம். விடுங்கள், அதில் பெரிய சண்டை இல்லை.

நான் எழுத வந்தது அந்தத் தகட்டைப் பற்றி. 1971. கர்னி ஓட்டுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஃபீனிக்ஸ் டிராக்கில் பாபி அன்சரை வைத்துப் புது ஈகிளைச் சோதிக்கிறார்கள். நாள் கணக்கில் ஓட்டியும் நேரம் குறையவில்லை. வேறு வழி இருக்கிறதா என்று அன்சர் கேட்க, கர்னி ஒரு அலுமினியத் துண்டை எடுத்து எல் வடிவில் மடக்கி, பின் இறக்கையின் மேல்புற விளிம்பு நெடுக ரிவெட் அடித்தார். முக்கால் மணி நேர வேலை. அன்சர் ஓட்டிவிட்டு வந்தார். நேரம் அதேதான். சுற்றி இருந்தவர்கள் முகம் வாடிவிட்டது. அன்சர் மட்டும் கர்னியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம்: பின்பக்கம் தரையோடு ஒட்டிக்கொண்டது, இப்போது முன்பக்கம்தான் தாங்கவில்லை என்று. முன்பக்கத்தைச் சரிசெய்ததும் நேரம் கொட்டியது.

எப்படி வேலை செய்கிறது? இறக்கையின் விளிம்பில் காற்றுக்குக் குறுக்கே ஒரு சின்னச் சுவர். அதன் பின்னால் இரண்டு குட்டிச் சுழல், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும். அந்தச் சுழல் இறக்கையின் அடிப்பக்கக் காற்றைப் பிரிய விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. அதனால் கார் தரையை நோக்கி இன்னும் அழுத்தப்படும். தகட்டின் உயரம் இறக்கையின் முன்-பின் அகலத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். விளிம்பு கூராக மெலிய வேண்டும் என்று படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் இவர் மொட்டையாக ஒரு தட்டை நிறுத்தினார். பிறகு விமானக் கம்பெனிப் பொறியாளர் பாப் லீபெக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்து, ஆமாம் வேலை செய்கிறது என்றார்.

அதுவரை மற்ற அணிகள் கேட்டால் என்ன சொன்னார்கள் தெரியுமா? தள்ளும்போது மெக்கானிக் கையைக் கிழிக்காமல் இருக்க வைத்த மடிப்பு என்று! நம்பியவர்களும் உண்டு. இந்த ஒரு வரிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அடுத்த வருஷம் 1972 இண்டியில் அன்சர் ஈகிளில் முதலிடம் பிடித்த தகுதிச்சுற்று வேகம் மணிக்கு சுமார் 315 கிலோமீட்டர். முந்தின வருஷத்து முதலிடம் சுமார் 287.


புள்ளிக்கணக்கு | 16 ஜனவரி, பகல் 2:40

1972-ல் இண்டியில் இறக்கை விதிகளைத் தளர்த்தினார்கள் அண்ணே. எல்லோருமே வேகமானார்கள். 28 கிலோமீட்டரையும் அந்தத் தகட்டின் கணக்கில் எழுத முடியாது. தவிர, இறக்கை விளிம்பில் தட்டு வைக்கிற யோசனை ஜெர்மனியில் 1930-களிலேயே சோதித்துப் பார்த்தது.

அதை விடுங்கள். தகடு, ஈகிள் கார், ஹெல்மெட், பாட்டில்... இதில் எது "ஓட்டுவது"? நீங்கள் இரண்டு பேரும் ஒரு கட்டுமானக்காரரைப் புகழ்ந்துவிட்டு அந்த மார்க்கை ஓட்டுநர் கணக்கில் வரவு வைக்கிறீர்கள். கட்டுமானக்காரர் கர்னிக்கு நான் முதல் வரிசையில் நாற்காலி போடுவேன். 1962-ல் லோட்டஸ் கார் கம்பெனியை நிறுவிய காலின் சாப்மனைத் தன் செலவில் விமானத்தில் ஏற்றி இண்டிக்கு அழைத்துவந்தவர் இவர். மூன்று வருஷத்தில் கிளார்க் லோட்டஸில் இண்டியை ஜெயித்தார், எஞ்சினை முன்னால் வைத்த காலம் முடிந்தது. பார்த்தீர்களா, உங்களைவிட நானே அதிகமாகப் புகழ்கிறேன். ஆனால் அந்தக் காரை ஓட்டி ஜெயித்தது கிளார்க்.


வளைவு_மூன்று | 16 ஜனவரி, மாலை 4:10

இரண்டு நாளாகப் படித்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள்.

இன்றைக்கு ஃபார்முலா 1 ஓட்டுநர் அலோன்சோ போன வருஷம் மொனாக்கோவை விட்டுவிட்டு இண்டி 500 போனது உலகச் செய்தி. இந்த மாதக் கடைசியில் டேடோனா 24 மணி ஓட்டப் போகிறார், அதுவும் செய்தி. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1, 2010-ல் அமெரிக்கா போய் நாஸ்கார் டிரக் பந்தயம், பிறகு மறுபடி ஃபார்முலா 1, ஜப்பான் என்று ஓடினார். இங்கே பாதிப் பேருக்கு அந்த டிரக் கதையே தெரியாது. 1967-ல் ஃபார்முலா 1 வருஷத்துக்கு 11 பந்தயம். இந்த வருஷம் 21. அன்றைக்கு எல்லோரும்தானே எல்லாவற்றையும் ஓட்டினார்கள்? அப்படியானால் கர்னியின் சிறப்பு அவருடையதா, அந்தக் காலத்தினுடையதா?


பழைய_கார்பரேட்டர் | 16 ஜனவரி, மாலை 5:00

இந்த இழையில் நல்ல கேள்வி இதுதான். எல்லோரும் ஓட்டினார்கள், உண்மை. பணத்துக்காகவும் ஓட்டினார்கள். கிளார்க் 1964-ல் பிரிட்டனில் சலூன் கார் பட்டம்கூட வாங்கினார். ஆனால் கிளார்க்கும் நாஸ்காரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறார், அங்கே ஜெயிக்கவில்லை. எல்லோரும் எல்லாக் கடலிலும் நீந்தினார்கள். எல்லாக் கரையிலும் ஏறியவர்கள் குறைவு.

புள்ளிக்கணக்குத் தம்பி கேட்ட "எது ஓட்டுவது" என்பதற்கு ஒரு கதை. 1962 டேடோனா, மூன்று மணி நேரப் பந்தயம். கர்னியின் லோட்டஸ் முன்னிலை, நேரம் முடிய ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கும்போது எஞ்சின் போய்விட்டது. மணி அடித்த பிறகு கோட்டைத் தாண்டினால்தான் செல்லும். அவர் காரை டிராக்கின் சரிவான பகுதியான பேங்கிங்கின் மேலே கோட்டுக்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். நேரம் முடிந்ததும் சரிவில் உருட்டி, ஸ்டார்ட்டர் மோட்டாரை முறுக்கி, கோட்டைத் தாண்டினார். முதல் பரிசு. இதில் ஓட்டுநர் எங்கே முடிகிறார், மெக்கானிக் எங்கே ஆரம்பிக்கிறார்?

இன்னொன்று. 1968-ல் கிளார்க் இறந்தபோது, இறுதிச் சடங்கில் கிளார்க்கின் தந்தை கர்னியைத் தனியே அழைத்து, தன் மகன் பயந்த ஒரே ஓட்டுநர் நீதான் என்று சொன்னார். கர்னி அதைப் பல வருஷம் வெளியே சொல்லவில்லை. 25 வெற்றி வாங்கியவர் கணித்த கணக்கு அது.


புள்ளிக்கணக்கு | 16 ஜனவரி, மாலை 5:35

பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் பிள்ளையின் நண்பனிடம் சொன்ன வார்த்தை. அதை அளவுகோலாக வைக்க எனக்கு மனம் வரவில்லை சார். அது அவர்கள் இரண்டு பேருக்குள்ளே இருந்திருக்க வேண்டியது. பொய் என்று சொல்லவில்லை. அதை வைத்து நான் வாதாட மாட்டேன் என்கிறேன்.

டேடோனா கதைக்கு மட்டும் தலை வணங்குகிறேன்.

என் நிலை இதுதான்: கிளார்க், ஸ்டூவர்ட் பந்தியில் இவர் இல்லை. அடுத்த பந்தியில் முதல் இலை. சர்டீஸ் பக்கத்தில். நேற்று கேட்டிருந்தால் மூன்றாம் பந்தி என்றிருப்பேன்.


செயின்_ஸ்பிராக்கெட் | 16 ஜனவரி, மாலை 6:10

சர்டீஸ் பக்கத்தில் என்றால் எனக்குச் சம்மதம். இரண்டு பேரும் சொந்த அணி வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள், பேச நிறைய இருக்கும்.


லேத்_பட்டறை | 16 ஜனவரி, இரவு 9:45

பந்தி பிரித்து முடித்தீர்களா? நான் ஒரு தகவலோடு வந்தேன். 1964-ல் ஒரு கார் பத்திரிகை "கர்னியை ஜனாதிபதி ஆக்குவோம்" என்று பிரச்சாரமே நடத்தியது. பம்பரில் ஒட்டும் ஸ்டிக்கர் எல்லாம் போட்டார்கள். ஒரே சிக்கல், அமெரிக்க ஜனாதிபதிக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும், அவருக்கு 33. புள்ளிக்கணக்கு, இதையும் தோல்விக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.


வளைவு_மூன்று | 16 ஜனவரி, இரவு 10:05

அந்த லெ மான் பாட்டில் என்ன ஆயிற்று என்று யாராவது சொல்லுங்களேன்.


பழைய_கார்பரேட்டர் | 16 ஜனவரி, இரவு 10:20

கையெழுத்துப் போட்டு அங்கிருந்த ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவர் அதை வீட்டில் மேசை விளக்காக மாற்றிப் பல வருஷம் எரியவிட்டார். அப்புறம் ஒரு நாள் கர்னியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.